மூடுறதுக்கு முன்னாடி பாருங்க: வீடு கட்ட ஏழு நாள் லீவு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

போன எபிசோட்ல மனை வாங்குறதுலேர்ந்து பிளான் அனுமதி வரைக்கும் பேசினோம். இன்னைக்கு அதுக்கு அடுத்த கட்டம். பூமி பூஜை முடிஞ்சு முதல் லோடு ஜல்லி வந்து இறங்குற நாள்லேர்ந்து கிரகப்பிரவேசம் வரைக்கும் சைட்டுல என்ன நடக்குது, அதுல நீங்க எந்தெந்த நாள் நேர்ல நிக்கணும். அதுதான் விஷயம்.

நான் சிவில் இன்ஜினியர். சென்னையைச் சுத்தி இருக்கிற தனி வீடுகள்தான் பெரும்பாலும் என் வேலை. என்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேர் முப்பது வயசைச் சுத்தி இருக்கிறவங்க. அப்பாவோட ரிட்டயர்மென்ட் பணம் கொஞ்சம், பேங்க் லோன் மிச்சம். வாடகையும் கட்டிட்டு, வட்டியும் கட்டிட்டு இருப்பாங்க. அவங்க எல்லாரும் கேட்கிற கேள்வி ஒண்ணுதான். "சார், எனக்கு ஆபீஸ் இருக்கு. டெய்லி சைட்டுக்கு வர முடியாது. எப்படிச் சமாளிக்கிறது?"

டெய்லி வரத் தேவையே இல்லை. ஆனா ஏழு நாள் லீவு போடணும். எந்த ஏழு நாள்ங்கிறதுலதான் எல்லாமே இருக்கு.

ஒரு வீடு எப்படி வளருதுன்னு யோசிச்சுப் பாருங்க. மண்ணு கடைக்காலை மூடுது. கான்கிரீட் கம்பியை மூடுது. பூச்சு பைப்பை மூடுது. டைல்ஸ் பூச்சை மூடுது. ஒண்ணு மேல ஒண்ணு மூடிக்கிட்டே போறதுதான் கட்டுமானம். மூடினதுக்கு அப்புறம் அதைப் பார்க்கணும்னா உடைக்கணும். பெயின்ட் கலர் பிடிக்கலைன்னா அடுத்த தீபாவளிக்கு மாத்திக்கலாம். குழாய் பிடிக்கலைன்னா ஒரு மணி நேரத்துல மாத்திடலாம். கடைக்கால் கம்பியை மாத்த முடியாது.

நடைமுறையில நாம செய்யறது தலைகீழ். டைல்ஸ் ஷோரூமுக்கு நாலு சனிக்கிழமை போவோம். கடைக்கால் கம்பியைப் பார்க்க ஒரு மணி நேரம்கூடப் போயிருக்க மாட்டோம்.

பேச வசதிக்கு ஒரு வீட்டை எடுத்துக்கலாம். ஒரு கிரவுண்டு மனை, அதாவது 2400 சதுர அடி. அதுல 1000 சதுர அடியில தரைத்தளம் மட்டும். மாடி அப்புறமா பார்த்துக்கலாம்னு ஒரு எண்ணம். நம்ம ஊர்ல ரொம்ப சாதாரணமான வீடு.

உங்களுக்காக வேற யாரும் பார்க்கிறதில்லை

முதல்ல ஒரு நம்பிக்கையைத் தெளிவுபடுத்திடறேன். "பிளான் அப்ரூவ் ஆயிடுச்சு, பேங்க்லேர்ந்து வேற ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் இன்ஜினியர் வந்து பார்க்கிறார், தப்பு இருந்தா அவங்க சொல்லிடுவாங்க"ன்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. சொல்ல மாட்டாங்க. அது அவங்க வேலை இல்லை.

பிளான் அனுமதியில பார்க்கிறது, சுத்தி எவ்வளவு இடம் விட்டிருக்கீங்க, எவ்வளவு உயரம், எத்தனை சதுர அடி. தமிழ்நாட்டுல 2024 ஜூலையில சுயசான்று முறை வந்துச்சு. 2500 சதுர அடி வரைக்கும் உள்ள மனையில 3500 சதுர அடி வரைக்கும் வீடு கட்ட ஆன்லைன்லயே உடனடி அனுமதி. அலைச்சல் மிச்சம், நல்ல விஷயம்தான். ஆனா பேர்லயே இருக்கு பாருங்க. விதிப்படி கட்டுறேன்னு சான்று கொடுக்கிறது நீங்கதான்.

பேங்க்லேர்ந்து வர்றவர் பார்க்கிறது வேலை எதுவரைக்கும் வந்திருக்குங்கிறதை. லிண்டல் மட்டம் வந்துடுச்சா, அடுத்த தவணைப் பணத்தை விடலாமா, அவ்வளவுதான். பீமுக்குள்ள எத்தனை கம்பி போயிருக்குன்னு அவர் எண்ணப் போறதில்லை.

அபார்ட்மென்ட் வாங்குறவங்களுக்கு 2016 ரெரா சட்டத்துல ஒரு பாதுகாப்பு இருக்கு. ஒப்படைச்சு 5 வருஷத்துக்குள்ள கட்டுமானக் குறை தெரிஞ்சா பில்டர் செலவில்லாம சரி பண்ணிக் கொடுக்கணும். உங்க சொந்த மனையில காண்ட்ராக்டரை வச்சுக் கட்டும்போது அது உங்களுக்குப் பொருந்தாது, ஏன்னா அங்க யாரும் யாருக்கும் வீட்டை விக்கலை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல வீடு கட்டித் தர்றதும் ஒரு சேவைதான், அதனால நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனா அங்க போய் நிக்கும்போது உங்ககிட்ட கேட்கப் போறது அக்ரிமென்ட்டையும் ஆதாரத்தையும்.

அதனால ரெண்டு விஷயம் வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கையில இருக்கணும். ஒண்ணு, ஸ்ட்ரக்சுரல் டிராயிங். எந்தக் காலத்துல எத்தனை கம்பி, என்ன சைஸ், எவ்வளவு இடைவெளின்னு அதுலதான் இருக்கும். "மேஸ்திரிக்கு எல்லாம் தெரியும்"ங்கிறது டிராயிங் ஆகாது. இன்னொண்ணு, அந்த டிராயிங் போட்ட ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் முக்கியமான நாட்கள்ல சைட்டுக்கு வந்து பார்ப்பார்ங்கிற பேச்சு. அவருக்குப் பணம் கொடுக்கிறது நீங்களா இருக்கணும், காண்ட்ராக்டரா இருக்கக் கூடாது.

முதல் நாள்: கடைக்கால் கம்பி கட்டி முடிச்ச அன்னைக்கு

குழி தோண்டி, அடியில பிசிசி போட்டு, அது மேல கம்பி வலை வச்சு, காலத்துக்கான கம்பியை நிமிர்த்தி நிறுத்தியிருப்பாங்க. அடுத்து கான்கிரீட். இந்த இடைவெளியில வந்து நில்லுங்க.

குழியோட ஆழம் டிராயிங்ல சொன்ன அளவு இருக்கா? டேப் வச்சு அளங்க. அந்த ஆழத்தை யார் முடிவு பண்ணாங்க? மண் பரிசோதனை முடிவு பண்ணியிருக்கணும். சென்னைப் பக்கத்துல ஒரு தெருவுல மணலா இருக்கும், கொஞ்சம் தள்ளிக் களிமண்ணா இருக்கும். களிமண்ணு மழையில உப்பும், வெயில்ல சுருங்கும். "பக்கத்து வீட்டுல அஞ்சடிதான் போட்டாங்க"ங்கிறது உங்க மண்ணுக்கான பதில் இல்லை.

கம்பி வலை தரையில படுத்திருக்கக் கூடாது. கீழே கவர் பிளாக் வச்சுத் தூக்கியிருக்கணும். கடைக்காலுக்கு 50 மி.மீ., காலத்துக்கு 40 மி.மீ. கவர் குறைஞ்சபட்சம். ஐஎஸ் 456-ங்கிற நம்ம நாட்டுக் கான்கிரீட் விதித் தொகுப்பு சொல்ற அளவு இது. கடற்கரைக்குப் பக்கத்துல கட்டுறீங்கன்னா கவரும் கூடும், கான்கிரீட்டோட தரமும் கூடணும், இன்ஜினியர் அதுக்குத் தகுந்த மாதிரி டிசைன் பண்ணியிருக்கணும். ஏன் இவ்வளவு கவர்? கம்பியைச் சுத்தி இருக்கிற அந்த ரெண்டு இஞ்ச் கான்கிரீட்தான் ஈரமும் உப்பும் கம்பிக்குப் போகாம தடுக்குது. கம்பி துருப்பிடிச்சா உப்பும், உப்பினா கான்கிரீட்டை வெடிக்க வைக்கும்.

காலத்தைச் சுத்திக் கட்டியிருக்கிற ரிங்கோட நுனியைப் பாருங்க. 90 டிகிரியில சும்மா மடக்கி விட்டிருக்கக் கூடாது. நுனி உள்பக்கமா, 135 டிகிரிக்கு மடங்கி இருக்கணும். நிலநடுக்கத்துல காலம் ஆடும்போது ரிங் பிரிஞ்சு வராம இருக்க அதுதான் பிடிமானம்.

கம்பி எடையைப் பார்க்க ஒரு சின்னக் கணக்கு. கம்பியோட விட்டத்தை அதே எண்ணால பெருக்கி 162-ஆல வகுத்தா ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோன்னு வரும். 12 மி.மீ. கம்பின்னா 144-ஐ 162-ஆல வகுக்கணும், 0.89 கிலோ. முழுக் கம்பி 12 மீட்டர், அப்போ ஒரு கம்பி சுமார் 10.7 கிலோ. கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். ஒன்பது கிலோன்னு வந்தா, அது 12 மி.மீ. கம்பி இல்லை.

ரெண்டாவது நாள்: பேஸ்மென்ட் நிரப்பும்போது

நம்ம ஊர்ல பேஸ்மென்ட்னா தரை மட்டத்துக்கும் வீட்டுத் தளத்துக்கும் நடுவுல எழுப்புற அடித்தளம். அந்தப் பெட்டிக்குள்ள கிராவல் கொட்டி நிரப்புவாங்க. ரெண்டு லாரி மண்ணை மொத்தமாக் கொட்டி, மேல தண்ணி விட்டு, "செட் ஆயிடுச்சு சார்"னு சொன்னா ஏத்துக்காதீங்க. ஆறு இஞ்ச், எட்டு இஞ்ச் அடுக்கா கொட்டி, ஒவ்வொரு அடுக்கும் தண்ணி விட்டு இறுக்கணும். இல்லைன்னா நீங்க குடிபோன பிறகு ஹால் டைல்ஸ் தட்டினா டொக்கு டொக்குனு சத்தம் வரும், ஓரத்துல இடைவெளி விழும். உடைஞ்ச மரம், சென்ட்ரிங் பலகைத் துண்டு எதுவும் மண்ணோட போகக் கூடாது. அது கரையானுக்கு வச்ச விருந்து. கரையான் மருந்தும் இந்தக் கட்டத்துலதான் அடிக்கணும்.

உயரம் ரொம்ப முக்கியம். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது. ரோடு மட்டத்தை மட்டும் பார்க்காதீங்க. அந்தத் தெருவுல ரொம்ப வருஷமா இருக்கிறவங்ககிட்ட தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சுன்னு கேளுங்க. சுவத்துல கை வச்சுக் காட்டுவாங்க. உங்க தளம் அதுக்கு மேல இருக்கணும்.

மூணாவது, நாலாவது நாள்: ரூஃப்

இதுக்கு மட்டும் ரெண்டு நாள் லீவு. கான்கிரீட்டுக்கு முந்தின நாள் ஒண்ணு, கான்கிரீட் அன்னைக்கு ஒண்ணு.

முந்தின நாள் மேல ஏறுறதுக்கு முன்னாடி கீழ நின்னு முட்டுகளைப் பாருங்க. சவுக்குக் கட்டையோ, இரும்பு ஜாக்கியோ, நேரா நிக்கணும். செங்கலை அடுக்கி அது மேல முட்டு நிறுத்தியிருந்தா மாத்தச் சொல்லுங்க. மறுநாள் அது மேல வரப் போற எடை சாதாரணம் இல்லை. 1000 சதுர அடிக்கு 5 இஞ்ச் ரூஃப்னா கிட்டத்தட்ட 12 கன மீட்டர் கான்கிரீட், பீம் தனி. ஒரு கன மீட்டர் சுமார் இரண்டரை டன். அதாவது 30 டன்னுக்கு மேல ஈரக் கான்கிரீட்டும், அது மேல நடக்கிற ஆட்களும் அந்த முட்டுகளை நம்பித்தான் நிக்கிறாங்க. சென்ட்ரிங் சரிஞ்சா போறது உங்க பணம் மட்டும் இல்லை.

அப்புறம் மேல ஏறுங்க. கம்பிக்கு அடியில கவர் பிளாக் இருக்கா? இன்ஜினியர் டிராயிங்கை வச்சுக்கிட்டு இடைவெளியை அளக்கட்டும். எலக்ட்ரீஷியன் ஃபேன் பாக்ஸும் பைப்பும் வச்சுட்டாரா? பாக்கி இருந்தா நாளைக்குப் பிறகு கான்கிரீட்டை உடைச்சுத்தான் வைக்கணும்.

பால்கனி, சன்ஷேட் இந்த ரெண்டையும் தனியாப் பாருங்க. கையை நேரா நீட்டி ஒரு வாளித் தண்ணியைப் பிடிச்சுப் பாருங்க, தோளோட மேல்பக்கம் இழுக்கும். வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற ஸ்லாபும் அப்படித்தான். அதுல முக்கியமான கம்பி மேல் பக்கத்துல இருக்கணும். கான்கிரீட் போடும்போது சட்டி தூக்கிட்டுப் போறவங்க அந்தக் கம்பி மேலயே நடந்தா அது கீழ அமுங்கிடும். வெளியிலேர்ந்து பார்த்தா ஒரு வித்தியாசமும் தெரியாது, ஆனா பால்கனியைத் தாங்க வேண்டிய கம்பி தப்பான இடத்துல இருக்கும். அதனால மேல் கம்பியைத் தூக்கிப் பிடிக்க கீழே வளைச்ச கம்பித் துண்டுகளை வைக்கணும், நடக்கிறதுக்குப் பலகை போடணும்.

மறுநாள் கான்கிரீட். ஆர்எம்சி லாரி வருதுன்னா டெலிவரி சலானை வாங்கிப் பாருங்க. நீங்க கேட்ட கிரேடு போட்டிருக்கா, ஏத்தின நேரம் என்ன. ஏத்தின நேரத்துலேர்ந்து 2 மணி நேரத்துக்குள்ள இறக்கிடணும். சைட்லயே மிஷின் வச்சுக் கலக்குறாங்கன்னா உங்க கண்ணு ஒரே ஒரு விஷயத்துல இருக்கட்டும்: தண்ணி. 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு சுமார் 25 லிட்டர்தான் கணக்கு, மணல்ல ஈரம் இருந்தா இன்னும் குறையும். கான்கிரீட் கெட்டியா இருந்தா பரப்புறது கஷ்டம். அதனால யாராவது ஒருத்தர் பைப்பைத் திறந்து விடுவார். அவர் மேல தப்பில்லை, காலையிலேர்ந்து வெயில்ல நிக்கிறார். ஆனா அதிகமாப் போன தண்ணி அப்புறம் ஆவியாகி, கான்கிரீட்டுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளை விட்டுட்டுப் போகும். பலமும் குறையும், பின்னாடி மழைத் தண்ணிக்கு வழியும் கிடைக்கும். அளவு குறிச்ச ஒரு வாளி வச்சா பிரச்சினை முடிஞ்சது. பரப்ப கஷ்டமா இருந்தா அதுக்குன்னு சேர்க்கிற அட்மிக்ஸ்சர் இருக்கு, இன்ஜினியர்கிட்ட முன்னாடியே கேட்டு வாங்கி வச்சுக்கலாம்.

அன்னைக்கு ஆறு கியூப் எடுக்கச் சொல்லுங்க. 150 மி.மீ. பெட்டியில அதே கான்கிரீட்டை நிரப்பி லேபுக்கு அனுப்புறது. மூணை 7-வது நாள், மூணை 28-வது நாள் உடைச்சுப் பார்ப்பாங்க. ஏழாவது நாள் சுமார் மூணுல ரெண்டு பங்கு பலம் வந்திருக்கணும். எம்20-ன்னா 28 நாள்ல சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்கணும், அந்த 20 இதுதான். வீடு கட்டுற செலவுல கியூப் டெஸ்ட் ரொம்பச் சின்னத் தொகை. உங்க ரூஃபைப் பத்தி ஒரு பேப்பர் ஆதாரமும் அதுல கிடைக்கும்.

கூலி இல்லாத வேலை: க்யூரிங்

ரூஃப் போட்ட மறுநாள்லேர்ந்து சைட்ல ஆள் குறைஞ்சிடும். ஆனா கான்கிரீட்டுக்குப் பலம் வர்றது இந்த நாட்கள்லதான். சிமென்ட் காய்ஞ்சு இறுகுறதில்லை. தண்ணியோட வேதிவினை நடந்து இறுகுது. தண்ணி இல்லைன்னா வினை பாதியில நின்னுடும்.

ஐஎஸ் 456 கணக்குப்படி சாதாரண ஓபிசி சிமென்ட்டுக்குக் குறைஞ்சது 7 நாள். நம்ம ஊர்ல வீட்டுக்கு நிறைய வாங்குற பிபிசி சிமென்ட்டுக்கு 10 நாள், அதை 14 நாளா நீட்டிக்கிறது நல்லதுன்னும் அதுலயே இருக்கு. நம்ம வெயிலுக்கு நான் எப்பவும் 14 நாள்தான் சொல்வேன். ரூஃப்ல பாத்தி கட்டித் தண்ணி தேக்கணும். காலத்துக்குச் சாக்கு சுத்தி நனைச்சுக்கிட்டே இருக்கணும். காலையில ஒரு தடவை பைப்பைப் பிடிச்சுட்டுப் போறதுக்குப் பேர் க்யூரிங் இல்லை.

இதை யார் செய்வாங்கன்னு அக்ரிமென்ட்ல பெரும்பாலும் எழுதியே இருக்காது. காண்ட்ராக்டர் வாட்ச்மேன் பார்த்துக்குவார்னு நினைப்பார், வாட்ச்மேனுக்கு அதுக்குத் தனியா யாரும் காசு கொடுக்க மாட்டாங்க. பேரைச் சொல்லி, தினக்கூலி பேசி, ஒருத்தர்கிட்ட ஒப்படைங்க. ஆபீஸ்ல இருந்துக்கிட்டே சாயங்காலம் ஒரு போட்டோ வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லலாம். தண்ணி நிக்கிறது போட்டோல தெரியும்.

முட்டு பிரிக்கிறதுலயும் அவசரம் கூடாது. 4.5 மீட்டர் வரைக்கும் உள்ள ஸ்லாபுக்குக் குறைஞ்சது 7 நாள், அதுக்கு மேல 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரைக்கும் 14 நாள், அதுக்கு மேல 21 நாள். இது ஓபிசிக்கு. பிபிசின்னா இன்ஜினியர் இன்னும் கூட்டிச் சொல்வார். சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு வந்தது, அடுத்த சைட்டுல காத்துக்கிட்டு இருப்பாங்க, அந்த அழுத்தம் உண்மைதான். அதனால தேதியை முன்னாடியே பேசி எழுதிக்கணும். பால்கனி முட்டை எப்பவும் வெளி நுனியிலேர்ந்து ஆரம்பிச்சு உள்பக்கமாப் பிரிக்கணும்.

அஞ்சாவது நாள்: பூச்சுக்கு முன்னாடி

செங்கல் சுவர்ல காடி வெட்டி பைப் பதிச்சிருப்பாங்க. இன்னும் பூச்சு வரலை. பிளம்பர்கிட்ட பம்ப் வச்சு பிரஷர் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. மீட்டர் முள்ளு சில மணி நேரத்துக்கு அசையாம நிக்கணும். முள்ளு இறங்கினா எங்கயோ கசியுது. இன்னைக்குக் கண்டுபிடிச்சா அரை நாள் வேலை. ரெண்டு வருஷம் கழிச்சுன்னா பெட்ரூம் சுவர்ல ஊறல், அப்புறம் டைல்ஸை உடைக்கணும்.

கான்கிரீட் காலமும் செங்கல் சுவரும் சேர்ற இடத்துல கோழி வலை அடிச்சிருக்காங்களான்னு பாருங்க. ரெண்டும் வெயிலுக்கு வேற வேற அளவுல விரியும். வலை இல்லைன்னா அந்தக் கோட்டுல பூச்சு கண்டிப்பா விரிசல் விடும்.

அதுக்கப்புறம் போனை எடுத்து ஒவ்வொரு சுவரையும் வீடியோ எடுங்க. டேப்பைச் சுவர் ஓரத்துல பிடிச்சு, எந்த உயரத்துல எந்தப் பைப் போகுதுன்னு தெரியற மாதிரி. "கிச்சன், கிழக்குச் சுவர்"னு வாயாலயே சொல்லிக்கிட்டே எடுங்க. பின்னாடி ஏசி மாட்ட, ஷெல்ஃப் அடிக்க டிரில் போடுற ஒவ்வொரு தடவையும் இந்த வீடியோ வேலைக்கு வரும்.

ஆறாவது நாள்: பாத்ரூம் டைல்ஸுக்கு முன்னாடி

வாட்டர்ப்ரூஃபிங் முடிஞ்சதும் வடிகால் ஓட்டையை அடைச்சு, தண்ணி தேக்கி, மட்டத்தைச் சுவர்ல பென்சிலால குறிச்சுடுங்க. 48 மணி நேரம் அப்படியே விடணும். லேசா ஆவியாகிறது போக மட்டம் இறங்கியிருந்தா கோட்டிங் சரியில்லை. மாடியில பாத்ரூம் இருந்தா கீழ சீலிங்லயும் பாருங்க. தண்ணி விடுற அன்னைக்குக் குறியை நீங்களே போடுங்க, அதுக்குத்தான் லீவு. ரிசல்ட்டை ரெண்டு நாள் கழிச்சு சாயங்காலம் வந்துகூடப் பார்த்துக்கலாம்.

ஏழாவது நாள்: மொட்டை மாடி மூடுறதுக்கு முன்னாடி

தட்டோடு பதிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வாளித் தண்ணியை மாடி நடுவுல ஊத்திப் பாருங்க. வடிகால் பக்கம் ஓடணும், ஓரத்துல தேங்கக் கூடாது. மழைநீர் சேகரிப்பு 2003-லேர்ந்து தமிழ்நாட்டுல எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். மாடிக் குழாய் உண்மையிலயே குழிக்குப் போகுதா, இல்லை தெருவுக்குப் போகுதான்னு அதே வாளித் தண்ணியில தெரிஞ்சிடும்.

அப்புறமா மாடி எடுக்கலாம்னு காலக் கம்பியை மேல நீட்டி விட்டிருந்தா, அதைச் சும்மா மழையில விடாதீங்க. சிமென்ட் பால் பூசி, மெலிசான கான்கிரீட்டால மூடி வைங்க. பத்து வருஷம் துருப்பிடிச்ச கம்பியில மாடி கட்ட முடியாது.

பணத்தை மூடுறதோட கட்டுங்க

இப்ப முக்கியமான விஷயம். நீங்க ஏழு நாளும் வந்து பார்த்துட்டு, பணத்தை ஏற்கெனவே கொடுத்து முடிச்சிருந்தா உங்க பேச்சுக்கு எடை இருக்காது.

வழக்கமான அக்ரிமென்ட்ல "ரூஃப் போட்டதும் 20 சதவீதம்"னு இருக்கும். அதாவது கான்கிரீட் போட்ட அன்னைக்கு சாயங்காலமே அந்த ஸ்டேஜ் முடிஞ்சது. க்யூரிங்குக்கும் கியூப் ரிசல்ட்டுக்கும் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. இதை ரெண்டாப் பிரிங்க. உதாரணத்துக்கு மொத்தம் 30 லட்சம்னா ரூஃப் ஸ்டேஜுக்கு 6 லட்சம். அதுல நாலரை லட்சம் கான்கிரீட் அன்னைக்கு, ஏன்னா அவர் சிமென்ட்டுக்கும் கூலிக்கும் கொடுத்தாகணும். மிச்சம் ஒன்றரை லட்சம் க்யூரிங் முடிஞ்சு, முட்டு பிரிச்சு, ரிசல்ட் வந்த பிறகு. பூச்சுக்கு பிரஷர் டெஸ்ட், டைல்ஸுக்குத் தண்ணி டெஸ்ட், இப்படி ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் ஒரு சோதனை. கடைசியா 5 சதவீதம், ஒரு வடகிழக்குப் பருவமழை முடியற வரைக்கும் உங்க கையில. அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் நனைஞ்சு நின்ன வீட்டைவிட நல்ல சோதனை கிடையாது.

இதெல்லாம் கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி பேசணும். பாதியில போய்ப் புது நிபந்தனை போட்டா காண்ட்ராக்டருக்குக் கோபம் வர்றது நியாயம்தான். அதே மாதிரி உங்க பக்கமும் ஒழுங்கு வேணும். சோதனை பாஸ் ஆன அன்னைக்கே பணம் போயிடணும். பல சைட்ல வேலை நிக்கிறது பேங்க் தவணை லேட் ஆகுறதாலதான்.

எக்ஸ்ட்ரா வேலைக்கும் இதே விதி. "இங்க ஒரு ஜன்னல் வச்சா நல்லா இருக்குமே"ன்னு சைட்டுல நின்னு சொல்றது பத்து விநாடி. பில்லுல அது எப்படி வரும்னு கடைசியிலதான் தெரியும். என்ன மாத்தம், எவ்வளவு ரூபாய், எத்தனை நாள் கூடும், மூணையும் வாட்ஸ்அப்ல எழுதி, அவர் ஓகே சொன்ன பிறகு வேலை.

ஒரு நேயர் கேள்வி

"நான் வயசுல சின்னவன், மேஸ்திரி முப்பது வருஷம் வேலை பார்த்தவர். டேப் எடுத்துக்கிட்டுப் போனா சந்தேகப்படுறேன்னு நினைக்க மாட்டாரா?"

நினைக்கலாம். அதனால கேட்கிற விதம் முக்கியம். "ஏன் கவர் பிளாக் வைக்கலை?"ன்னு நாலு பேர் முன்னாடி ஆரம்பிக்காதீங்க. "அண்ணே, நாளைக்குக் காலையில இன்ஜினியர் ஒரு தடவ பார்த்துட்டா எனக்கு நிம்மதியா இருக்கும்ணே. அவர் ஓகேன்னதும் போட்டுடலாம்." அவ்வளவுதான். "தம்பி, இத்தனை வருஷமா இப்படித்தான் போடுறோம்"னு சொன்னா, "சரிண்ணே, அவர்கிட்டயும் காட்டிடலாம்"னு சொல்லி நில்லுங்க. நல்ல மேஸ்திரிக்கு இது பிடிக்கும். அவரோட வேலையை அவர் செஞ்ச மாதிரியே யாரோ ஒருத்தர் உத்துப் பார்க்கிறது அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை. என்ன மாத்தணும்னாலும் மேஸ்திரிகிட்ட மட்டும் சொல்லுங்க, கொத்தனார்கிட்டயோ சித்தாள்கிட்டயோ நேரா உத்தரவு போடாதீங்க. ரெண்டு முதலாளி இருக்கிற சைட்ல எதுவும் உருப்படாது.

இன்னொண்ணும் சொல்லணும். சைட்ல வேலை பார்க்கிற பெண்களுக்குக் கழிப்பறை இல்லாத இடம்தான் நான் அதிகம் பார்த்தது. பகல் முழுக்கத் தண்ணி குடிக்காமலே இருப்பாங்க. வேலை ஆரம்பிக்கிற வாரமே ஒரு தற்காலிகக் கழிப்பறை, குடிக்கத் தண்ணி, மின்சாரத்துக்கு முறையான தற்காலிக இணைப்பு, ஷாக் அடிச்சா உடனே ட்ரிப் ஆகுற பிரேக்கர், இதெல்லாம் போட்டுடுங்க. உங்க 30 லட்சத்துல அது ஒரு ஓரத்துக்கு வராது.

கடைசியா, கேலண்டரை எடுங்க. காண்ட்ராக்டர்கிட்ட ஷெட்யூல் வாங்கி, நான் சொன்ன ஆறு கட்டத்தையும் அதுல குறிங்க. தேதி தள்ளிப் போகும், மழை வரும், ஆள் ஊருக்குப் போயிடுவாங்க. அதனால தேதியை நம்பாதீங்க. "மூடுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி எனக்கு போன் வரணும்"னு அக்ரிமென்ட்ல ஒரு வரி எழுதுங்க. அந்த போன் வந்ததும் மேனேஜருக்கு லீவு மெயில் போடுங்க.

அடுத்த எபிசோட்ல அந்த அக்ரிமென்ட்டையே எடுத்து வச்சு, என்னென்ன வரி இருக்கணும்னு ஒவ்வொண்ணாப் பேசலாம். உங்ககிட்ட காண்ட்ராக்டர் கொடுத்த அக்ரிமென்ட் இருந்தா, பேரையும் நம்பரையும் அழிச்சுட்டு அனுப்புங்க.